கதவு திறக்கும் முன்: யாழ்ப்பாணக் கடல்நீரேரிகளும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் உட்புறக் கடல்நீரேரிகளான வடமராட்சியும் உப்பாறும் கடலோடு சேரும் இடங்களில் தடுப்பணைகள் நிற்கின்றன. வடக்கே தொண்டைமானாற்றில் உள்ளது 1953இலும், தெற்கே அரியாலைக்கும் நாவற்குழிக்கும் இடையே உள்ளது 1955இலும் கட்டி முடிக்கப்பட்டன. மாரியில் பெய்யும் மழைநீர் கடலுக்கு ஓடிப்போகாமல் மறிக்கவும், கோடையில் கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கவும் எழுந்தவை இவை. ஏழு பத்தாண்டுகள் கழிந்தும் இவற்றைப் பற்றிய வழக்கு தீரவில்லை. தோட்டக்காரர்களுக்குக் கதவுகள் இறுக மூடியிருக்க வேண்டும். நீரேரியில் இறாலும் நண்டும் பிடித்துச் சீவிப்போருக்கு அவை திறந்திருக்க வேண்டும்.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை எடைபோட, குடாநாட்டின் தண்ணீர் எங்கே கிடக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அராலியில் கடலைச் சேரும் வழுக்கியாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நீர் செம்பாட்டு மண்ணினூடாகக் கீழிறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. அதற்கும் கீழே கடல்நீர். உப்புநீரின் அடர்த்தி கூடுதலாகையால் நன்னீர் அதன்மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. கணக்கைத் திருப்பினால் ஆபத்து தெரியும். இறைப்பு மிஞ்சி மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், அடியிலிருந்து உவர் பல அடி மேலேறி வரும். புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணற்றில் இதை நேரிலேயே காணலாம். அதன் மேல்நீர் நன்னீர். ஆழம் போகப்போக உப்புக் கரிக்கும். கீரிமலையில் இதே நன்னீர் கடலோரமாக ஊற்றெடுத்துக் கடலிலேயே கலக்கிறது.

ஆகவே குடாநாட்டின் உண்மையான நீர்த்தேக்கம் நிலத்தடிச் சுண்ணாம்புக் கல்தான். சுன்னாகம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என நான்கு நிலத்தடி நீர்ப்படுகைகளை நீரியலாளர்கள் பிரித்துக் காட்டுவர். கடல்நீரேரி குடிநீர்த் தொட்டியாக அமைந்ததில்லை. இந்தப் படுகைகளின் விளிம்பில் நிற்கும் நீர் அது. விளிம்பில் உப்புநீர் நின்றால் அயலிலுள்ள கிணறுகள் சவராகும், நன்னீர் நின்றால் இனிக்கும். தடுப்பணைகளுக்குப் பின்னால் இருந்த எண்ணம் முழுவதும் இதுதான்.

நீரேரிகளை நன்னீராக்கும் யோசனை ஒல்லாந்தர் காலம் முதலே சொல்லப்பட்டு வந்தது. 1920களில் சட்டசபை உறுப்பினர் கே. பாலசிங்கம் அதை அரசிடம் வலியுறுத்தினார். அதற்கு முழு வடிவம் கொடுத்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம். 1954இல் அவர் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம் இன்றும் அவர் பெயராலேயே பேசப்படுகிறது. வன்னியின் கனகராயன் ஆறு இரணைமடுவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மாரி வெள்ளத்தை ஆனையிறவுக் கடல்நீரேரியில் கொட்டுகிறது. அங்கிருந்து அது சுண்டிக்குளம் வழியாகக் கடலுக்குப் போய்விடும். சுண்டிக்குளத்தில் அணைகட்டி, ஆனையிறவில் வீதிக்கும் புகையிரதப் பாதைக்கும் கீழிருந்த பாலக்கண்களை மூடிவிட்டால் அந்த நீரேரி நன்னீர் ஏரியாகும். அதிலிருந்து முள்ளியான் வழியே ஏறத்தாழ 4 கிலோமீற்றர் கால்வாய் வெட்டி வடமராட்சி நீரேரிக்கும், பின்னர் உப்பாற்றுக்கும் நீரைக் கொண்டுவரலாம். வன்னியின் வெள்ளத்தைக் குடாநாட்டின் நடுவுக்கு நடத்திவரும் துணிவான வரைவு அது. தாளில் அதற்கு ஈடு இல்லை.

வேலை 1960களில் தொடங்கியது, முடியவில்லை. பாலக்கண்கள் மூடப்பட்டன, சுண்டிக்குளத்தில் அணை எழுந்தது, முள்ளியான் கால்வாயும் வெட்டத் தொடங்கப்பட்டது. பிறகு பணம் வற்றியது. வெள்ளம் சுண்டிக்குள அணையை உடைத்தது. அதன்பின் போர் வந்து, பராமரிப்பு என்ற சொல்லுக்கே இடமில்லாமல் செய்தது. தொண்டைமானாற்றின் மரக்கதவுகள் உக்கி, உப்புநீர் உள்ளே வடிந்தது. போருக்குப் பின் கதவுகள் புதுப்பிக்கப்பட்டாலும் ஆறுமுகத்தின் சங்கிலி முழுமையாகக் கோக்கப்படவில்லை. ஆனையிறவின் நன்னீர் வடமராட்சிக்கு ஆறாக ஓடி வந்து சேரவே இல்லை.

இந்த இடத்தில் பொறியியல் ஏடுகள் அதிகம் பேசாத பக்கத்தையும் பார்க்க வேண்டும். வடமராட்சி நீரேரியின் வல்லைவெளியைக் கடந்து போகிறவர்களுக்கு மாரியில் அது இரு பக்கமும் நீர் விரிந்த வெளி. ஆவணி வந்தால் உப்புப் பூத்த தரை. நீரேரியின் ஆழம் பெரும்பாலான இடங்களில் ஆள் இடுப்பளவைத் தாண்டாது. இவ்வளவு தாழ்ந்த, இவ்வளவு பரந்த நீரில், வெயிலும் சோளகக் காற்றும் ஆண்டுக்கு எடுத்துப் போகும் நீர் பெய்யும் மழையை விடக் கூடுதலாகும். வடமராட்சி நீரேரியின் பரப்பு ஏறத்தாழ 77 சதுர கிலோமீற்றர். கதவை எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் அந்தப் பரப்பின் நீரை வானம் குடித்துவிடும். மேலிருந்து ஓர் ஆறு தொடர்ந்து வந்து நிரப்பினால்தான் கணக்கு நேராகும். ஆறுமுகம் இதை அறிந்தே கால்வாயைத் திட்டத்தின் உயிர்நாடியாக வைத்தார். கால்வாய் இல்லாத அணை பாதி மருந்து.

கடற்றொழிலாளரின் வாதம் வேறொரு கணக்கில் நிற்கிறது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் நீரோட்டத்தோடு நீரேரிக்குள் வந்து, கண்டல் வேர்களுக்கும் சாதாழைக்கும் இடையே வளர்ந்து, பருவமானதும் கடலுக்குத் திரும்பும். திரும்பும் வழியில்தான் சிறகுவலைக்காரர்கள் காத்திருப்பார்கள். வாயில் அடைபட்டால் குஞ்சும் வராது, வளர்ந்ததும் போகாது. ஆறு கடலுக்குக் கொண்டுபோகும் நன்னீர் ‘வீணாகிறது’ என்று திட்ட ஏடுகள் எழுதின. வீணாகும் அந்த நீர்தான் நீரேரியின் உவர்ப்பைத் தணித்து, வண்டலைச் சேர்த்து, மீனுக்கு இரையை உண்டாக்குகிறது. பூநாரைகள் வந்திறங்கும் சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே வந்து சேரும் நன்னீரையும் உப்புநீரையும் ஒரு பருவத்துக்கு எப்படிப் பங்கிடுவது என்பதில் வயலுக்கும் வலைக்கும் பறவைக்கும் உரிமை உண்டு.

அணையை அகற்றி நிலத்தை மீட்பது, ஆனால் குடிநீரைக் கைவிடாமல் மீட்பது என்ற கேள்வி உலகில் வேறு இடங்களிலும் எழுந்திருக்கிறது. கலிபோர்னியாவில் யோசமிற்றி தேசியப் பூங்காவினுள் 1923இல் எழுந்த ஓஷோனசி அணை, ஹெச் ஹெச்சிப் பள்ளத்தாக்கை மூழ்கடித்து சான் பிரான்சிஸ்கோவுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. பள்ளத்தாக்கை வடித்து மீட்டு, நீரைக் கீழேயுள்ள தேக்கங்களில் சேமிக்கலாம் என்று இயற்கை ஆர்வலர்கள் நெடுங்காலமாக வாதாடுகின்றனர். 2012இல் அதற்கான ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தயாரிப்பதற்குக்கூட அந்நகர வாக்காளர் பெரும்பான்மையால் மறுத்துவிட்டனர். குடிநீர் பற்றிய பயம் அவ்வளவு ஆழமானது. வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றில் வேறு கதை நடந்தது. அங்கிருந்த இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை படிப்படியாக இடித்தார்கள். இடிக்கத் தொடங்கும் முன்பே போட் ஏஞ்சலிஸ் நகருக்குப் புதிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடிக்கப்பட்டது. அணைகளுக்குப் பின்னால் தேங்கிய வண்டல் பெருக்கெடுத்து நீரெடுப்பு நிலையத்தை அடைத்தபோது பெருந்தொல்லை வந்தது உண்மை. ஆனாலும் நகரம் தாகத்தால் வாடவில்லை, சல்மன் மீன்கள் மேலாற்றுக்குத் திரும்பின.

யாழ்ப்பாணத்துக்கு மிக நெருங்கிய உதாரணம் ஒல்லாந்தில் இருக்கிறது. 1953 பெப்ரவரி வெள்ளத்துக்குப் பின் கடலைத் தடுக்க எழுந்த கட்டுமானங்களுள் ஒன்று ஹாரிங்வ்லீட் அணை. 17 மதகுகளைக் கொண்ட அது 1970இல் கழிமுகத்தை மூடி, உப்பு நீரேரியை நன்னீர் ஏரியாக்கியது. மீன்களின் வலசை நின்றது. 2018 நவம்பரில் மதகுகளைச் சற்றே திறந்துவைக்கும் ஏற்பாடு தொடங்கியது. அதற்கு முன், குடிநீரும் பாசன நீரும் எடுக்கும் இடங்களை உப்பு எட்டாத கிழக்குப் பக்கத்துக்கு நகர்த்தினார்கள். உப்பு எந்தக் கோடுவரை வரலாம் என்று எல்லை குறித்தார்கள். ஆற்றில் நீர் குறைந்தால் மதகு மூடப்படும். அணை நிற்கிறது, கடலும் உள்ளே வருகிறது, குழாயில் தண்ணீரும் வருகிறது.

ஜப்பானின் இசஹாயா வளைகுடாவில் இந்த ஒழுங்கு கைகூடவில்லை. 1997 ஏப்ரலில் 7 கிலோமீற்றர் அணையால் வளைகுடா அடைக்கப்பட்டது. உள்ளே விளைநிலமும் நன்னீர்த் தேக்கமும் உருவாகின, வெளியே கடற்பாசி வளர்ப்போரும் மீனவரும் நட்டப்பட்டதாக வழக்காடினர். கதவைத் திறக்கும்படி 2010இல் ஒரு நீதிமன்றம் உத்தரவிட்டது. திறந்தால் தம் பாசன நீர் உப்பாகும் என்று உழவர் வேறு வழக்கில் தடை பெற்றனர். 2023இல் உச்ச நீதிமன்றத்தோடு வழக்கு முடிந்தது, கதவு மூடியே இருக்கிறது. மாற்று நீரை முன்கூட்டியே உறுதிசெய்யாததால் உழவரும் மீனவரும் எதிரிகளாக்கப்பட்டார்கள். தொண்டைமானாற்றில் நடந்துவிடக் கூடாதது இதுதான்.

குடாநாட்டில் மாற்று நீருக்கான முயற்சி அண்மையில் கடும் வழக்காகவே தொடங்கியது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 2010இல் வகுத்த திட்டம், இரணைமடுவின் கொள்ளளவைக் கூட்டி யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் எடுக்க எண்ணியது. தம் சிறுபோக நெல்லுக்கே நீர் போதாதிருக்கையில் குழாய் வழியே அது போவதைக் கிளிநொச்சி விவசாயிகள் ஏற்கவில்லை. அந்த மறுப்பில் நியாயம் இருந்தது. திட்டம் திரும்பி, வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் எழுந்தது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுள்ள அது 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரச் செலவு கனமானது. பிரிந்து வரும் அடர் உப்புநீரைக் கடலில் கவனமாகக் கலக்கவும் வேண்டும். ஆயினும் குடிநீர் முழுவதும் கிணற்றையே நம்பியிருந்த நிலை முதன்முறையாகத் தளர்ந்திருக்கிறது. கிணற்றுக்கு வேறு நோயும் உண்டு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் இட்ட உரமும், மலக்குழிக் கழிவும் சேர்ந்து நைத்திரேற்றைக் கூட்டியுள்ளன. 2014–15இல் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் ஊரையே உலுக்கியது. எந்தத் தடுப்பணையும் இவற்றைத் தடுக்காது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் அணைகளை ஒரே தட்டில் நிறுத்த முடியாது. ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டியது, அது எந்தக் கிணற்றைக் காக்கிறது என்பதே. ஆனையிறவில் மூடிய பாலக்கண்கள், வந்து சேராத ஓர் ஆற்றுக்காக மூடப்பட்டவை. பயன் கிடைக்கவில்லை, நீரோட்டத் தடை மட்டும் நிற்கிறது. அங்கே வீதிக்கும் புகையிரதப் பாதைக்கும் கீழே போதிய கண்களைத் திறந்து, யாழ்ப்பாணக் கடல்நீரேரியோடு நீரை மீண்டும் கலக்கவிடுவதே முதலில் செய்ய வேண்டியது. அங்குள்ள உப்பளத்துக்கு நீர் எடுக்கும் பருவத்தையும், மாரி வெள்ளத்தின் போக்கையும் அளந்து கண்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கலாம். பண்ணை, பொன்னாலைத் தாம்போதிகளிலும் நீர் போகும் வழிகளை இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

தொண்டைமானாறும் அரியாலையும் வேறு. அச்சுவேலியிலும் இடைக்காட்டிலும் கரவெட்டியிலும் நீரேரியை ஒட்டிய தோட்டக் கிணறுகள் இவற்றின் காவலில் இருப்பவை. இந்த இரண்டையும் இடிப்பது தவறு. ஆண்டு முழுவதும் பூட்டி வைப்பதும் தவறு. முதல் மழையின் நீர் நீரேரியில் தேங்கிய உப்பைக் கரைத்து வெளியேறும்வரை கதவு திறந்திருக்க வேண்டும். மாரியின் கடைசி நீரைப் பிடிக்க மூட வேண்டும். இறால் குஞ்சு உள்ளே வரும் காலத்தில், கிணற்று உவர்ப்பை அளந்தபடி, ஓரிரு கதவுகளை இடைவிட்டுத் திறக்கலாம். அதற்கு முன் தாளையடிக் குழாய் நீரேரியோர ஊர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். வழுக்கியாற்றுப் படுகையின் குளங்களும், ஊர்க் கேணிகளும் துரவுகளும் தூர்வாரப்பட்டு மழைநீரை நிலத்துக்குள் இறக்க வேண்டும். ஆவியாகும் பரந்த ஏரியில் பிடிக்கும் நீரைவிட, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் நீருக்கு வெயில் பயம் குறைவு. கதவைத் திறக்கும் நாளையும் மூடும் நாளையும் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியே முடிவு செய்யாமல், கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் ஒரே மேசையில், கிணற்று அளவீடுகளை முன்வைத்து முடிவு செய்ய வேண்டும். அந்த அளவீடுகள் மாதந்தோறும் ஊர்ப் பலகையில் எழுதப்பட வேண்டும். முள்ளியான் கால்வாயை மீண்டும் வெட்டுவதா என்ற கேள்விக்கும், இரணைமடுவில் மிகும் வெள்ளம் எவ்வளவு, சுண்டிக்குளத்துக்குத் தேவையானது எவ்வளவு என்ற இரண்டு கணக்குகள் கைக்கு வந்த பிறகே விடை சொல்ல முடியும்.