புல்மோட்டை மணலுக்குள் ஒரு கடிகாரம்

அன்புவழிபுரத்திலிருந்து வடக்கே போனால் நிலாவெளி உப்பளங்கள். அங்கே கடல்நீர் வற்ற வற்ற உப்பு விளையும். மிஞ்சும் நீரோ வாயில் வைக்க முடியாத கசப்பு. உப்புப் பரலில் மக்னீசியத்துக்கு இடமில்லை. அது நீரிலேயே தங்கிவிடும். "கழிவுத் தண்ணிதானே" எண்டு வரம்பை வெட்டி விடுவார்கள்.

பாறைக்குழம்பு ஆறும்போதும் இதே கதைதான். முதலில் உறையும் பளிங்குகள் இரும்பையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொள்ளும். நிக்கலும் அவற்றோடு போய்விடும். சிர்க்கோனியம், யுரேனியம், தோரியம் என்பன அந்த அடுக்குகளில் பொருந்தாமல் மிச்சக் குழம்பில் செறியும். அங்கேதான் சிர்க்கோன் பிறக்கிறது. அறபியின் 'ஸர்கூன்' என்பதிலிருந்து வந்த பெயர் என்பர்.

சிர்க்கோன் பிறக்கும்போது யுரேனியத்துக்குச் சிறிது இடங்கொடுக்கும்; ஈயத்தை அநேகமாக ஒதுக்கிவிடும். ஆகவே இன்று அதற்குள் காணும் ஈயம் யுரேனியம் சிதைந்து பிறந்ததே. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு செல்லும். இரண்டின் விகிதத்தை அளந்தால் மணியின் வயது தெரியும். அவுஸ்திரேலியாவின் ஜக் ஹில்ஸில் கிடைத்த சிர்க்கோன் மணியொன்று இப்படித்தான் ஏறத்தாழ 440 கோடி ஆண்டு சொன்னது.

நிலாவெளி தாண்டி, குச்சவெளி தாண்டி, புல்மோட்டைக் கரை. பழம்பாறைகள் சிதைந்து, ஆறுகள் அள்ளிவந்து, அலை சுளகில் கொழித்ததுபோல் பாரமான மணிகளை ஒதுக்கிய இடம். கறுப்பு இல்மனைட்டுக்கு நடுவே சிர்க்கோனும் கிடக்கிறது.

அந்தக் கனிய மணல் கப்பலில் தொன் கணக்கில் போகிறது. விலை என்ன எண்டு கேட்கிறோம். வயது என்ன எண்டு நம்ம பிள்ளைகளாவது கேட்கட்டும்.