திரையில் பெய்யும் குற்றாலச் சாரல்

பெரிய நிறுவனங்களின் முதலீடு இன்றிச் சிறு குழுக்கள் உருவாக்கும் விளையாட்டுகள் சுயாதீன வீடியோ கேம் என்றும், சுருக்கமாக இண்டி கேம் என்றும் வழங்கப்படுகின்றன. அவற்றில் தீ, புகை, மழை, அருவி என நிலையான உருவம் இல்லாதவற்றைத் திரையில் இயங்கச் செய்யும் பணிக்குக் காட்சி விளைவு என்று பெயர். அப்பணியின் சிக்கல்களை ஒரே இடத்தில் காண விரும்புவோர் தென்காசியை அடுத்த குற்றாலத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுள்ள பேரருவி ஒரே வீழ்ச்சியாக விழுவதில்லை. சிற்றாற்றின் நீர் பாறையில் இறங்கி, பொங்குமாகடல் என்னும் பள்ளத்தில் நிறைந்து பொங்கி, அதன் பின்னரே அகன்று பரந்து குளிப்போரின் தலைமேல் விழுகிறது. இதை விளையாட்டில் அமைப்பதற்குத் தனித்தனித் துளிகள் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. பாறையை ஒட்டி வளைந்த பரப்பு ஒன்றை உருவாக்கி, நுரைக்கோடுகள் கொண்ட படத்தை அதன்மேல் இடைவிடாது கீழ்நோக்கி நகர்த்தினால் நீர் விழுவதாகவே கண் நம்பிவிடும். அந்த நகர்வு இயந்திரத்தனமாகத் தெரியாதிருக்க, கென் பெர்லின் 1980களில் வகுத்ததும் 1997இல் ஆஸ்கர் அகாதெமியின் தொழில்நுட்ப விருதைப் பெற்றுத் தந்ததுமான ஒழுங்கற்ற இரைச்சல் வடிவத்தை அதனுடன் கலப்பர். திரைப்புள்ளி ஒவ்வொன்றின் நிறத்தையும் இவ்வாறு கணக்கிடும் சிறு நிரலே ஷேடர் ஆகும். ஐந்தருவிக்கு அதே பரப்பை ஐந்து முறை படியெடுத்தால் வேலை எளிதாகும். ஆனால் ஐந்து கிளைகளிலும் ஒரே நுரை ஒரே கணத்தில் இறங்குவதைச் சிறுவர்கூடக் கண்டுபிடித்துவிடுவர்.

சாரல்தான் உண்மையான சோதனை. உருவமற்றவற்றை எண்ணற்ற துகள்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பிறப்பு, வேகம், ஆயுள், மறைவு ஆகியவற்றை விதிக்கும் துகள் அமைப்பை, 1982இல் வெளியான இரண்டாம் ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில் கோளொன்றைச் சூழும் தீயைக் காட்டுவதற்காக வில்லியம் ரீவ்ஸ் உருவாக்கி, மறு ஆண்டு ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். திரைப்படத்தில் ஒரு ஃபிரேமைக் கணக்கிட மணிக்கணக்கில் செலவிடலாம். நொடிக்கு 60 ஃபிரேம் காட்டும் விளையாட்டிலோ ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 16.7 மில்லி நொடியே கிடைக்கும். 1920க்கு 1080 அளவுள்ள திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. அதை முழுதும் மறைக்கும் ஒளிபுகும் சாரல் படலங்கள் 30 இருந்தால், பின்னுள்ளவற்றோடு ஒவ்வொன்றையும் கலக்க வேண்டியிருப்பதால், ஒரே ஃபிரேமில் 6 கோடிக்கும் அதிகமான கணக்கீடுகள் நிகழ வேண்டும். பாறையையும் நீரையும் எளிதில் சுமக்கும் கணினி, பார்வைக்கு எடையே இல்லாத சாரலில் திணறுவது இதனால்தான்.

ஆதலின், தேர்ந்த கலைஞர் சாரலைக் குறைத்து, அது செய்யும் வேலையைக் காட்டுவார். நனைந்த பாறை கருத்தும் பளபளத்தும் தோன்றும் என்பதால், பாறையின் நிறத்தை இருளாக்கி அதன் சொரசொரப்பைக் குறைத்தாலே பாதி ஈரம் வந்துவிடும். தொலைவு கூடக்கூட மலையை வெளிறச் செய்யும் மூடுபனிக்கு ஆகும் செலவும் சொற்பமே. உண்மையை அப்படியே படியெடுப்பது சிறு குழுவின் வேலையன்று. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைப் பற்றி டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, தட்டையான ஓவிய நடையிலேயே அமைந்து, 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. கருவிகளும் இன்று தடையல்ல. பிளெண்டர், கோடோ ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆள்பலம் குறைந்த குழு வெவ்வேறு அருவிகளை உருவாக்குவதைவிட, நீரின் அளவு என்ற ஒரே எண்ணுக்குப் பரப்பின் அகலம், வேகம், நிறம், சாரலின் அடர்த்தி ஆகிய அனைத்தும் கட்டுப்படுமாறு அமைப்பதே சிக்கனமானது. அவ்வெண்ணை மாற்றினால் கோடையின் வறண்ட பாறையும், ஜூன் மாதச் சீசனின் வெண்ணீரும், குளிக்கத் தடை விதிக்கப்படும் நாள்களின் செந்நிற வெள்ளமும் ஒரே அமைப்பிலிருந்து கிடைத்துவிடும்.