வீட்டிலேயே ஒரு கைவினைப் பிறந்தநாள் விழா: ரூவிவாழ் பெற்றோருக்கான வழிகாட்டல்

குழந்தையின் பிறந்தநாள் நெருங்கும்போது ரூவியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. விழாவை எங்கே நடத்துவது? எவ்வளவு செலவாகும்? உணவக அரங்கையோ விளையாட்டுக் கூடத்தையோ எடுத்தால் வாடகை, உணவு, அலங்காரம், வரும் குழந்தைகளுக்கான பரிசுப்பை எனச் செலவு வளர்ந்துகொண்டே போகிறது. அது அழைக்கும் வீட்டோடு நிற்பதும் இல்லை. அழைக்கப்படும் வீட்டாரும் அதற்கு ஈடான பரிசு வாங்க வேண்டும், நாளை தம் வீட்டிலும் அதே அளவில் விழா எடுக்க வேண்டும் என்ற நெருக்கடிக்கு உள்ளாகின்றனர். ஈடுகொடுக்க இயலாத பெற்றோர் ஏதேனும் காரணம் சொல்லிக் குழந்தையை அனுப்பாமல் விடுவதும் உண்டு. தோழனின் விழாவுக்குத் தான் மட்டும் ஏன் செல்லவில்லை என்பது அக்குழந்தைக்கு விளங்குவதில்லை.

இந்நெருக்கடியைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. குழந்தைகள் வீட்டுக் கூடத்தில் ஒன்றாக அமர்ந்து, தம் கையால் ஒரு பொருளைச் செய்து, அதையே தம்முடன் எடுத்துச் செல்லும்படி விழாவை அமைக்கலாம். செய்யும் வேலையே அன்றைய விளையாட்டு. செய்து முடித்த பொருளே எதிர்ப்பரிசு. அதனைத் திட்டமிடும் முறை கீழே தரப்பட்டுள்ளது.

நாளும் நேரமும்

ஓமானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். பிறந்த தேதி வேலைநாளில் வந்தால், அன்று வீட்டளவில் வழிபாடும் இனிப்பும் வைத்துக்கொண்டு, தோழர்களுக்கான விழாவை வார இறுதிக்கு மாற்றலாம். சென்மநட்சத்திரத்தன்று வழிபாடு செய்யும் குடும்பங்களுக்கும் இவ்வாறு பிரித்து நடத்துவது வசதியாக இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரம் என்பதால் அன்று மாலை 4.30 மணிக்குத் தொடங்குவது நன்று. சனிக்கிழமையாயின் காலை 10 மணியும் ஏற்றதே. ரமலான் மாதத்தில் நோன்பிருக்கும் குடும்பங்களை எண்ணி, விழாவைப் பெருநாளுக்குப் பின் தள்ளி வைக்கவும்.

ஜூன், ஜூலை மாதங்களில் பள்ளி விடுமுறைக்காகப் பல குடும்பங்கள் ஊருக்குச் சென்றுவிடும். அம்மாதங்களில் பிறந்த குழந்தைகள் ஆண்டுதோறும் தோழர்கள் இல்லாமல் பிறந்தநாளைக் கழிக்க நேரிடும். அவர்களுக்கு மே மாத இறுதியிலோ பள்ளி மீண்டும் திறந்த பின்னரோ விழா வைப்பதில் தவறில்லை.

இரண்டு மணி நேரம் போதுமானது. அதற்கு மேல் நீண்டால் சிறுவர்கள் சோர்ந்து பூசல் தொடங்கும்.

எத்தனை பேரை அழைப்பது?

கைவேலையில் ஒவ்வொரு குழந்தைக்கும் பெரியவரின் உதவி தேவைப்படும். நான்கு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கை வைத்துக்கொள்ளவும். தாயும் தந்தையும் மட்டுமே இருக்கும் வீட்டில் எட்டுக் குழந்தைகளே அளவு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுடன் பெற்றோருள் ஒருவர் உடனிருக்குமாறு கேட்டுக்கொள்ளவும்.

அழைப்பை உங்கள் குழந்தையே வண்ணத்தாளில் எழுதட்டும். தொடங்கும் நேரம், முடியும் நேரம், பழைய உடை அணிந்து வரலாம் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். "பரிசு வேண்டா, நீங்கள் வரைந்த ஒரு வாழ்த்து அட்டை போதும்" என்ற வரியையும் சேர்க்கவும். தயக்கத்துடன் இருக்கும் பெற்றோருக்குக் கதவைத் திறந்துவிடுவது அவ்வரியே. அதையும் மீறிப் பரிசு கொண்டு வருவோர் இருப்பர். அதனைப் பிறர் முன்னிலையில் பிரிக்காமல் அறையில் எடுத்து வைத்துவிடவும்.

என்ன செய்யலாம்?

ஒரு விழாவுக்கு இரண்டு வேலைகள் போதும். எவற்றைத் தெரிந்தெடுத்தாலும், விழாவுக்கு முன்னரே ஒருமுறை உங்கள் குழந்தையுடன் செய்து பார்க்கவும். எங்கே சிக்கல் வருமென்பது அப்போது தெரிந்துவிடும்.

1. கோல அட்டை (ஐந்து வயது முதல்). தூள் உப்பைத் தாளில் பரப்பி, வண்ணச் சுண்ணக்கட்டியை அதன்மேல் உருட்டித் தேய்த்தால் உப்பு நிறமேறும். கறுப்பு அட்டையில் மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி வைத்துத் தரவும். குழந்தைகள் அப்புள்ளிகளைச் சுற்றிப் பசையால் கோடிழுத்து, ஈரம் காயுமுன் வண்ண உப்பைத் தூவி, மீதத்தைத் தட்டிவிட வேண்டும். ஊரில் வாசலில் இடப்படும் கோலத்தைக் காணாமல் வளரும் குழந்தைகளுக்கு அதன் அமைப்பு இவ்வாறு கைக்குப் பழகும்.

2. தலையாட்டி பொம்மை (ஏழு வயது முதல்). இது தஞ்சாவூரின் புகழ்பெற்ற பொம்மையின் எளிய வடிவம். மேசைப்பந்தாட்டப் பந்து ஒன்றைப் பெரியவர் முன்னதாகவே இரு பாதியாக வெட்டி, கூரான விளிம்பில் ஒட்டுநாடா சுற்றி வைக்கவும். குழந்தை அப்பாதியை விளிம்பு வரை மாவுக்களியால் நிரப்பி, அதன்மேல் கூம்பாகச் சுருட்டிய தாளை ஒட்டி, முகமும் உடையும் வரைய வேண்டும். சாய்த்தாலும் பொம்மை தானே நிமிரும். எடையெல்லாம் அடியில் இருப்பதால் சாயும்போது அதன் எடைமையம் சற்று மேலே உயர்கிறது. புவியீர்ப்பு அதனை மீண்டும் கீழே இழுக்கிறது. பொம்மை நிமிரவில்லையெனில் கூம்பின் உயரத்தைக் குறைக்கவும்.

இதற்கான மாவுக்களிக்கு இரண்டு கோப்பை மைதா, ஒரு கோப்பை தூள் உப்பு, ஏறத்தாழ முக்கால் கோப்பை நீர் தேவை. நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிச் சப்பாத்தி மாவின் பதத்துக்குப் பிசையவும். மசுகட்டின் கடற்கரை ஈரப்பதத்தில் களி மெதுவாகவே காயும். ஆகவே இதில் தனி உருவங்கள் செய்வதாயின் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டா. ஈரமான பொருளைச் சிறு அட்டைத்துண்டின்மேல் வைத்துக் கொடுத்தனுப்பி, இரண்டு மூன்று நாள் உலர விடுமாறு சொல்லவும்.

3. தாள் தடுக்கு (ஏழு வயது முதல்). ஓமானியர் பேரீச்ச ஓலையால் பாயும் கூடையும் முடைகின்றனர். தமிழ்நாட்டில் அதே வேலை பனையோலையில் நடக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் அகலத் தாள் கீற்றுகளை ஒன்று மேல், ஒன்று கீழ் எனப் பின்னினால் சிறு தடுக்கு உருவாகும். ஓமானியத் தோழரோ பிற நாட்டுத் தோழரோ வரும் விழாவுக்கு இவ்வேலை மிகவும் பொருந்தும். தத்தம் ஊரில் எவ்வோலையில் முடைகின்றனர் என்ற பேச்சு தானே எழும். உண்மையான ஓலைதான் வேண்டுமென்று சாலையோரப் பேரீச்ச மரங்களை வெட்டக் கூடாது. அவை பொதுச்சொத்து.

எதைச் செய்தாலும் அதன் பின்புறம் குழந்தை தன் பெயரைத் தமிழிலோ தன் தாய்மொழியிலோ எழுதட்டும்.

பொருள்களும் செலவும்

முதலில் மொத்தச் செலவுக்கு ஒரு வரம்பு வைக்கவும். எடுத்துக்காட்டாக, கைவேலைப் பொருள்களுக்கு எட்டு ரியால் என்று முடிவு செய்தால், எட்டுக் குழந்தைகளுக்குத் தலைக்கு ஒரு ரியால். அவ்வரம்புக்குள் அடங்காத வேலையை விட்டுவிடலாம். மைதா, உப்பு, பழைய நாளிதழ், அட்டைப்பெட்டி ஆகியவை வீட்டிலேயே கிடைக்கும். அட்டை, பசை, வண்ணம் ஆகியவற்றை ரூவி ஹை ஸ்ட்ரீட்டின் எழுதுபொருள் கடைகளில் விலை ஒப்பிட்டு வாங்கலாம்.

ஒவ்வொரு குழந்தைக்கும் தேவையான பொருள்களைத் தனித்தனித் தட்டில் முன்னதாகவே பிரித்து வைக்கவும். கூடுதலாக இரண்டு தட்டுகளும் இருக்கட்டும். தம்பி தங்கையர் உடன் வருவது வழக்கம். செய்த பொருளைக் கொடுத்தனுப்பக் காகிதப்பையைப் பயன்படுத்தவும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக் கடைப்பைகளுக்கு ஓமானில் 2021 ஜனவரி 1 முதல் தடை உள்ளது.

பாதுகாப்பு

* மேல்மாடிக் குடியிருப்புகளில் பால்கனிக் கதவையும் சன்னல்களையும் விழா தொடங்குமுன் பூட்டவும். அவற்றின் அருகே நாற்காலியோ மேசையோ இருக்கக் கூடாது.
* மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் மணி, பொத்தான் போன்ற சிறு பொருள்களைத் தவிர்க்கவும். கழிப்பறைத் தாளின் அட்டைக்குழலுக்குள் நுழையும் எப்பொருளும் தொண்டையில் அடைக்கக்கூடும். நீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள் விழுங்கப்பட்டால் குடலை அடைக்கும். அவை வேண்டவே வேண்டா.
* வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கவும். ஊதாத பலூனைச் சிறுவர் வாயில் வைக்க விடாதீர்கள்.
* முனை மழுங்கிய கத்தரிக்கோல்களையே கொடுக்கவும். சூடான பசைத்துப்பாக்கி பெரியவர் கையில் மட்டும் இருக்கட்டும்.
* குளிரூட்டிக்காக அறையை மூடியிருக்கும்போது தெளிப்பு வண்ணம், நெடியுள்ள பசை ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. நீரில் கரையும் வண்ணமும் வெள்ளைப் பசையும் போதும்.
* மாவுக்களியில் உப்பு மிகுதி. அதனைத் தின்ன விடக் கூடாது. கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வேறு களி தரவும்.
* அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 9999.

உணவு

ரூவியின் ஒரே அடுக்ககத்தில் சைவ உணவினர், ஹலால் உணவு மட்டும் உண்போர், முட்டை தவிர்ப்போர் எனப் பலரும் வாழ்கின்றனர். முட்டையில்லா கேக், சிறு இட்டலி, சுண்டல், பழத்துண்டுகள் என்று அமைத்தால் அனைவரும் ஒரே தட்டிலிருந்து உண்ணலாம். எந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாது என்பதை அழைக்கும்போதே கேட்டறியவும். நிலக்கடலை, முந்திரி பற்றித் தனியே வினவுவது நன்று. கைவேலை முடிந்து அனைவரும் சோப்பிட்டுக் கை கழுவிய பிறகே உணவு பரிமாறவும்.

நிகழ்ச்சி நிரல்

4.30 – வருகை. ஒவ்வொருவரும் தம் பெயர் அட்டையை வரைதல்.
4.45 – முதல் கைவேலை.
5.20 – கை கழுவுதல், கேக், சிற்றுண்டி.
5.45 – இரண்டாம் கைவேலை.
6.15 – செய்தவற்றை வரிசையாக வைத்து அனைவரும் பார்த்தல்.
6.30 – வழியனுப்புதல்.

விரைவாக முடிக்கும் குழந்தைக்கென ஒரு நீண்ட தாளைச் சுவரில் ஒட்டி வைத்தால் அவர்கள் அதில் வரைந்துகொண்டிருப்பர். மெதுவாகச் செய்யும் குழந்தையின் பொருளைப் பெரியவர் வாங்கி முடித்துவிடுவது வேண்டா. கோணலாக வந்தாலும் அது அவர்கள் செய்ததாகவே இருக்கட்டும். முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்று தரம் பிரிப்பதையும் தவிர்க்கவும்.

பிற குழந்தைகளின் நிழற்படங்களை அவர்தம் பெற்றோரின் இசைவின்றிச் சமூக ஊடகங்களில் வெளியிடாதீர்கள்.

அண்டை வீட்டாரும் கழிவும்

இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோர் நம் அடுக்ககங்களில் பலர். இரண்டு நாள் முன்னதாகவே மேல், கீழ், பக்கத்து வீட்டாரிடம் நேரத்தைச் சொல்லி வைக்கவும். கட்டடக் காவலாளியிடமும் தெரிவித்து, வாகன நிறுத்தம் பற்றிக் கேட்டு, அதனை விருந்தினருக்கு அறிவிக்கவும்.

மாவுக்களியையும் பசையையும் கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அவற்றைத் தாளில் துடைத்தெடுத்துக் குப்பையில் இடவும். தூரிகை கழுவிய நீரை வாளியில் தெளியவிட்டு, அடியில் படிந்ததைத் தனியே அகற்றவும். கழிவைப் பைகளில் கட்டி மாநகராட்சித் தொட்டிக்குள்ளேயே போட வேண்டும். படிக்கட்டிலோ தொட்டியின் அருகிலோ விட்டுச் செல்லக் கூடாது.

விழாவுக்குப் பின்

மறுநாள் உங்கள் குழந்தை, வந்த ஒவ்வொரு தோழருக்கும் இரண்டு வரி நன்றி எழுதட்டும். ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு ஒரு கோல அட்டையை அஞ்சலில் அனுப்பலாம். மீந்த தாள், பசை, வண்ணங்களை ஒரு பெட்டியில் எடுத்து வைக்கவும். அடுத்து விழா வைக்கவிருக்கும் வீட்டுக்கு அப்பெட்டியைக் கொடுத்தால் அவர்களின் செலவு குறையும். அதில் ஒரு சில பொருள்களைச் சேர்த்து அவர்கள் அடுத்த வீட்டுக்கு அளிக்கலாம். ஒரே அடுக்ககத்தில் நான்கைந்து குடும்பங்கள் இவ்வாறு கைகோத்தால், செலவை எண்ணி எக்குழந்தையும் விழாவிலிருந்து ஒதுங்க வேண்டியிராது.