நம் ஆறு சேரும் ஏரி

ஆரணி என்றதும் பலருக்குப் பட்டுச் சேலைதான் நினைவுக்கு வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நம் ஆரணி பெரியபாளையத்திற்கு அருகே, ஆரணியாற்றின் கரையில் இருக்கிறது. ஆந்திராவின் பிச்சாட்டூர்ப் பக்கமிருந்து வரும் இவ்வாறு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வட்டாரங்களைக் கடந்து பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. ஆகவே அந்த ஏரியின் கதை நமக்கு அயலூர்ச் செய்தி அன்று.

நம் நாட்டு உப்புநீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி பழவேற்காடு. இதன் பெரும்பகுதி ஆந்திராவிலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ராக்கெட் ஏவும் தளமான ஸ்ரீஹரிகோட்டா நீண்டு கிடக்கிறது. பரப்பு பெரிதாயினும் ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் ஓர் ஆள் இறங்கி நடக்கலாம். டச்சுக்காரர் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். போர்த்துக்கீசியர் காலத்துத் தொடர்புடைய மகிமை மாதா திருத்தலமும் இங்குதான் உள்ளது.

நீலகிரியிலும் மீன் பிடிக்கும் நீர்நிலைகள் உண்டு. தூண்டிலில் பொழுதுபோக்க விரும்பிய ஆங்கிலேயர் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனை வெளியிலிருந்து கொண்டுவந்து அங்கே வளர்த்தனர். அவலாஞ்சியில் அதற்கெனக் குஞ்சு பொரிப்பகமும் அமைத்தனர். பழவேற்காட்டில் யாரும் மீனைக் கொண்டுவந்து விடவில்லை. கடலே கொண்டுவந்து விடுகிறது! இறால் முட்டையிடுவது கடலில். நுண்ணிய குஞ்சுகள் கடல்நீர் ஏறும்போது முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைந்து, சேறும் பாசியும் நிறைந்த ஆழமற்ற நீரில் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் நண்டும் இந்த வாசலை நம்பியே வாழ்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் நன்னீர் கொண்டுவர, உப்பு குறையும், கோடையில் கூடும். இந்த ஏற்ற இறக்கமே ஏரியின் உயிர்மூச்சு.

மீனவர் வகுத்துக்கொண்ட ‘பாடு’ முறையை நாம் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுத்துவலை கட்டி இறால் பிடிக்கும் இடத்திற்குப் பாடு என்று பெயர். எல்லாப் பாடுகளும் ஒன்றுபோல விளைவதில்லை. முகத்துவாரத்தை ஒட்டியவற்றில் இறால் அதிகம். வலியவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் எளியவன் என்ன செய்வான்? அதற்காகவே கிராமத்தார் கூடிச் சீட்டுக் குலுக்கி முறை வைக்கின்றனர். இன்று நல்ல பாட்டில் வலை கட்டியவர் மறுமுறை வேறு பாட்டிற்குப் போக வேண்டும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுஊர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இம்முறைக்குப் பெயர்பெற்றவை. அரசாங்கச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்னரே நம் மக்கள் பொதுச் சொத்தைப் பங்கிட்டு உண்ணக் கற்றிருந்தனர் என்பது வியப்பன்றோ?

ஆயினும் இதில் குறையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். தலைக்கட்டு உரிமை உடைய குடும்பத்து ஆண்களுக்கே பாடு கிடைக்கும். இருளர் மக்களுக்கு அதில் இடமில்லை. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறிக்குள் போடுகின்றனர். வலையும் படகும் இல்லாத இவர்களே ஏரி கெட்டால் முதலில் பசிப்பவர்கள்.

ஏரி கெடுவது எப்படி? முதற்காரணம், முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவது. வாசல் அடைபட்டால் குஞ்சுகள் உள்ளே வர முடியாது. கோடையில் நீர் வற்றி உப்பு ஏறும். படகுகளும் கடலுக்குப் போக இயலாது. பல ஆண்டுகள் மீனவரே முயன்று மணலை வெட்டி வழி திறந்ததுண்டு. நிலையாக வழி திறந்திருக்கக் கற்களால் தடுப்புச்சுவர் அமைக்கும் பணியை அரசு மேற்கொண்டது.

இரண்டாவது, கரையோர இறால் பண்ணைகள். அவற்றின் கழிவு நீரையும் குடிநீரையும் கெடுப்பதைக் கண்டு சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அந்நியச் செலாவணி ஈட்டும் தொழிலைத் தடுக்கலாமா என்று சிலர் கேட்டனர். ஏரியில் இயற்கையாக விளையும் இறாலும் ஏற்றுமதியாகிறதே! அதன் வருவாய் பல குடிசைகளுக்குப் பிரிந்து போகிறது. பண்ணையின் வருவாயோ உரிமையாளரிடம் நிற்கிறது. இதுவே நம் விடை.

தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. அவற்றைக் காண வருவோரால் படகுக்காரருக்கும் சிறு கடைக்காரருக்கும் பிழைப்பு உண்டு. படகுப் பயணத்தில் கவனக்குறைவு கூடாது; 2011 டிசம்பரில் நேர்ந்த படகு விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இனி நம் பங்கு. கும்மிடிப்பூண்டியைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன; அவற்றால் நம் தந்தையர் பலருக்கு வேலை கிடைத்துள்ளது. அவற்றை மூடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. கழிவைச் சுத்திகரித்த பின்னரே வெளியே விடுங்கள் என்றுதான் கேட்கிறோம். ஆற்று மணலை அள்ளினால் மழைநீர் தங்காது. கோடையில் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறும். ஆரணியில் நாம் ஆற்றங்கரையில் எறியும் பிளாஸ்டிக் பை கார்த்திகை வெள்ளத்தில் மிதந்து, பொன்னேரியைத் தாண்டி, இறாலுக்காகச் சேற்றைத் துழாவும் இருளர் பெண்ணின் கையில்தான் அகப்படுகிறது.