அடியில் வந்து நிற்கும் பக்கம்

1980-களின் தொடக்கத்தில் எங்கள் வீட்டு அம்பாசடரின் முன் சக்கரத்துக்கு மேஸ்திரி பேலன்ஸ் பார்த்ததை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்குவார். உரசல் இல்லாதபடி பிரேக்கைத் தளர்த்துவார். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு ஒரு பீடியைப் பற்றவைப்பார். சக்கரம் மெல்ல வேகம் குறைந்து, தயங்கி, சற்றே பின்னோக்கி ஆடி நிற்கும். அடியில் வந்த இடத்தில் சாக்பீஸ் கோடு ஒன்று. மூன்று முறை சுற்றியும் அதே கோடு அடியில் வந்து நின்றால் அந்தப் பக்கம்தான் கனம். அதற்கு நேர் எதிரே, ரிம் விளிம்பில் ஓர் ஈயத்துண்டை அடிப்பார். எப்படி நிறுத்தினாலும் சக்கரம் அப்படியே நிற்கிறவரை துண்டுகளை மாற்றிக்கொண்டே இருப்பார். ஒரு சக்கரத்துக்கு முக்கால் மணி நேரம்.

டவுனில் பெரிய கடைகளில் நீர்க்குமிழ்ப் பேலன்சர் இருந்தது. கொத்தனாரின் ரசமட்டத்தைப் போன்ற கருவி அது. சக்கரத்தைக் கழற்றி அதன்மேல் படுக்கவைத்து, குமிழ் நடுவுக்கு வரும்வரை விளிம்பில் எடை வைப்பார்கள்.

இரண்டு முறைக்கும் ஒரே குறை. சக்கரத்தின் உட்புறம் ஒரு பக்கம் 30 கிராம் கூடுதல், வெளிப்புறம் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் 30 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் சக்கரம் எங்கே விட்டாலும் நிற்கும். குமிழும் நடுவில் இருக்கும். வண்டி ஓடும்போதுதான் சக்கரம் இடமும் வலமுமாகத் தலையாட்டும். மேஸ்திரியின் கைக்கு இது எட்டாது. பீடி எத்தனை பிடித்தாலும் எட்டாது.

இன்று சக்கரத்தை எந்திரத்தின் தண்டில் ஏற்றி, கூம்பு வைத்து இறுக்கி, ரிம்மின் விட்டத்தையும் அகலத்தையும் தட்டிவிட்டு மூடியை இறக்குகிறார்கள். சில நொடிகளில் திரையில் இரண்டு எண்கள் வருகின்றன: உட்புறத்துக்கு ஒன்று, வெளிப்புறத்துக்கு ஒன்று. எங்கே அடிப்பது என்பதையும் அதுவே காட்டிவிடும். பழைய மேஸ்திரி ஒரு சக்கரத்தோடு செலவிட்ட நேரத்தில் நான்கும் முடிந்து, பில்லும் கைக்கு வந்துவிடும்.

அன்று அந்த முக்கால் மணி நேர வேலை போதுமானதாக இருந்ததற்குச் சாலையும் ஒரு காரணம். சமனற்ற எடை இழுக்கும் விசை, வேகத்தின் இருமடியாக ஏறும். ரிம் விளிம்பில் 20 கிராம் கூடுதலாக இருந்தால், 50 கி.மீ. வேகத்தில் அது முக்கால் கிலோ அளவுக்குத்தான் இழுக்கும். 100-ஐத் தொட்டால் 3 கிலோவுக்கு மேல், அதுவும் நொடிக்குச் சுமார் 15 தடவை. புளியமர நிழலில் மாட்டுவண்டிக்கு வழிவிட்டு 60-ல் போன அம்பாசடருக்கு 20 கிராம் ஒரு பொருட்டே இல்லை. நாற்கரச் சாலைகள் வந்தபின் அதே 20 கிராம் ஸ்டியரிங்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

1983-ல் மாருதி வந்தது இன்னொரு திருப்பம். அதில் எஞ்சின் முன் சக்கரங்களைச் சுழற்றியது. அச்சும் பல்சக்கரங்களும் பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரம், கையால் சுற்றிவிட்டால் தன்னிச்சையாக ஆடி நிற்காது. சாக்பீஸ் வித்தை அந்தக் காரிடம் செல்லவில்லை.

ஈயமும் குறைந்துவருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-க்குப் பிறகு புதிய கார்களுக்கு ஈய எடை கூடாது. இரும்பும் துத்தநாகமும் அந்த இடத்துக்கு வந்தன. அவை ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தவை என்பதால் அதே எடைக்குத் துண்டு பெரிதாகும். அலாய் சக்கரம் வைத்திருப்பவர்கள் விளிம்பில் அடிக்க விடுவதில்லை. உள்ளே ஒட்டும் ஸ்டிக்கர் எடைதான்.

ஆனால் மேஸ்திரியிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஈயத்தைத் தொடுமுன் சக்கரத்தைப் பார்ப்பார். ரிம்முக்குள் காய்ந்த சேற்றைச் சுரண்டுவார். மேலும் கீழும் பிடித்து ஆட்டி பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார். சுற்றும் டயரின் அருகே அதே சாக்பீஸை அசையாமல் பிடிப்பார். டயர் ஓரிடத்தில் மேடாக இருந்தால் அங்கே மட்டும் வெள்ளை படியும். இரவெல்லாம் நின்ற நைலான் டயர் காலையில் தட்டையாகி முதல் சில கிலோமீட்டர் தடதடக்கும். அதற்கு அவர் ஈயமே எடுக்க மாட்டார். “ஓடட்டும், சூடேறினா சரியாயிடும்” என்று அனுப்பிவிடுவார்.

சென்ற ஆண்டு என் காருக்கு 90-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. பிரேக் மிதித்தால்தான் நடுக்கம் என்றால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். இருக்கை அதிர்ந்தால் பின் சக்கரத்தை. எனக்குக் கையில்தான் தெரிந்தது. ஆகவே முன் சக்கரம். ஒரு கடையில் இடது முன் சக்கரத்துக்கு எந்திரம் 85 கிராம் கேட்டது. கேட்டதைக் கொடுத்தார்கள். இத்தனை ஏன் கேட்கிறது என்று எந்திரம் சொல்லாது. அங்கே யாரும் கேட்கவுமில்லை. இரண்டாம் நாள் மறுபடி நடுக்கம்.

அடுத்த கடையில் இருந்த பையனுக்கு இருபது வயதுக்குள் இருக்கும். 85 கிராம் எடையைக் கண்டதும் அவன் முகம் மாறியது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றினான். 70 என்றது. இறுக்கத்தைத் தளர்த்தி, தண்டின்மேல் அரைச்சுற்று திருப்பிப் பூட்டி மீண்டும் சுழற்றினான். கூம்பு சரியாக உட்காராவிட்டால் எண் மாறுமாம். 45 என்றது, அதுவும் வேறிடத்தில். எதையும் தொடாமல் இன்னொரு முறை ஓட்டினான். 60.

“பஞ்சருக்கு லிக்விட் ஏதாவது ஊத்தினீங்களா சார்?”

ஊற்றியிருந்தேன். அல்லது, நெடுஞ்சாலையோரம் ஒருவர் ஊற்றியபோது நான் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். டயருக்குள் தளும்பும் திரவம் ஒவ்வொரு சுழற்சிக்கும் வேறிடத்தில் போய்த் தேங்கும். ஓடுகிற கனத்துக்கு நிலையான எடையை எங்கே அடிப்பது?

டயரைப் பிரித்தான். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு குழம்பு. துணியால் துடைத்து, கழுவி, காயவைத்தான். டயரை மாட்டும்போது அதன் பக்கவாட்டில் இருந்த மஞ்சள் புள்ளியைத் தேடி வால்வுக்கு நேராக வைத்தான். அந்தப் புள்ளி டயரின் கனம் குறைந்த இடம்; வால்வு இருக்கும் இடமோ ரிம்மின் கனமான பக்கம். இரண்டையும் சேர்த்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

மூடி இறங்கியது. உள்ளே 15, வெளியே 10.

“இவ்வளவுதான் சார் இருக்கணும்” என்று ஸ்டிக்கரைப் பிரித்து ஒட்டினான். ஒட்டிய பிறகு, எந்திரம் 0 காட்டிய பிறகும், சக்கரத்தைத் தண்டிலேயே விட்டு உள்ளங்கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றி, குனிந்து, டயரின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.