கண்ணாடிக் கீறலைத் தேய்த்து எடுக்கலாமா?

டீப்பாய், பீரோ கண்ணாடி, ஜன்னல், மீன்தொட்டி என எதில் மெல்லிய கீறல் விழுந்தாலும் பற்பசையை எடுத்து நீட்ட ஓர் ஆள் இருப்பார். தேய்த்துப் பலன் கண்டவர்களும் உண்டு. பலன் கண்டதாக நினைத்துக்கொண்டவர்களும் உண்டு. மெல்லிய கீறலை வீட்டிலேயே எடுக்க முடியும் என்பது உண்மைதான். எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்துகொண்டு இறங்கினால் கை வலியாவது மிஞ்சாது.

அது கீறல்தானா?

கண்ணாடியில் தெரிகிற கோடுகள் எல்லாம் கீறல் அல்ல. அலுமினியப் பாத்திரமோ ஜன்னல் சட்டமோ உரசும்போது கண்ணாடி தேய்வதில்லை. அலுமினியம்தான் தேய்ந்து சாம்பல் நிறக் கோடாக ஒட்டிக்கொள்கிறது. போர் தண்ணீர் தெறித்துக் காய்ந்த இடங்களில் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்துத் துடைத்தால் உப்புக் கறை கரையும். உலோகக் கோட்டைப் பற்பசையோ சமையல் சோடாவோ எடுத்துவிடும். பற்பசைக்கு இந்த விஷயத்தில் கிடைத்திருக்கும் நல்ல பெயரில் பாதி இப்படி வந்ததுதான்.

எண்ணெய் பூசினால் கீறல் மறைகிறது என்பதும் கண்ணுக்குத் தெரிகிற உண்மையே. கீறலின் பள்ளத்தில் காற்று இருப்பதால்தான் அங்கே ஒளி சிதறுகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5; தேங்காய் எண்ணெயினுடையது 1.45. இரண்டும் நெருங்கியவை என்பதால், பள்ளத்தில் எண்ணெய் நிற்கும்வரை கோடு தெரியாது. சோப்புப் போட்டுத் துடைத்ததும் பழையபடி வந்து நிற்கும்.

கழுவித் துடைத்த பிறகும் கோடு போகவில்லை என்றால் நகத்தை அதன் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் தேய்த்து எடுக்கலாம். நகம் மாட்டி நின்றால் அது ஆழமான கீறல். கையால் ஆகிற வேலை அல்ல.

பற்பசை ஏன் போதாது?

ஒரு பொருளைக் கீற வேண்டுமானால் அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்துவரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் வீட்டுக் கண்ணாடி சுமார் 5.5. மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் 7. தூசி படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கும்போது அந்த மணல் துகள்களையே இழுத்துக்கொண்டு போகிறோம். பெரும்பாலான மெல்லிய கீறல்கள் இப்படி விழுந்தவைதான்.

பற்பசையிலிருக்கும் தேய்ப்புப் பொருள் பல்லின் எனாமலைக் கெடுத்துவிடக் கூடாது. எனாமலின் கடினமே 5தான். பல்லைக் காப்பாற்றுகிற ஒன்று கண்ணாடியைத் தேய்க்கும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. சமையல் சோடா அதைவிடவும் மென்மையானது.

வேலைக்கு ஆகும் பொடி

கண்ணாடிப் பட்டறைகளிலும் லென்ஸ் செய்யும் இடங்களிலும் மெருகேற்றப் பயன்படுவது சீரியம் ஆக்சைடு. முன்பு ரூஜ் எனப்படும் சிவப்பு இரும்பு ஆக்சைடு செய்துவந்த வேலையைக் கடந்த நூற்றாண்டில் இது எடுத்துக்கொண்டது. இதன் கடினம் கண்ணாடிக்கு நெருக்கமானது. ஆகவே புதிய கீறல்களைப் போடாது. உராய்வு மட்டும் இதன் பலம் அல்ல. தண்ணீர் பட்டதும் கண்ணாடியின் மேற்பரப்பில் மிக மெல்லிய ஏடு இளகுகிறது. சீரியம் அந்த ஏட்டிலுள்ள சிலிக்காவோடு வேதிப்பிணைப்புக் கொண்டு அதைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பெயர்த்தெடுக்கிறது. தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் சூடுதான் ஏறும்.

சீரியத்தின் மூலங்களில் ஒன்றான மோனசைட் நம் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் அதைக் கண்டறிந்தார். அன்று எல்லோரும் தேடியது கேஸ் விளக்கு மேன்டிலுக்கான தோரியத்தை. அதே மணலில் தோரியத்தைவிட அதிகமாக இருப்பது சீரியம்.

தேய்க்கும் முறை

இணையக் கடைகளில் இந்தப் பொடி வெளிர் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ கிடைக்கும். கூடவே ஒரு ஃபெல்ட் பேட் வேண்டும். பொடியைத் தண்ணீரில் கெட்டி மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். பொடி பறக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது.

கண்ணாடியைச் சோப்பு நீரால் கழுவுங்கள். ஒரே ஒரு மணல் துகள் மிஞ்சியிருந்தாலும் எடுக்க வந்த கீறலோடு இன்னும் நாலு சேரும். கரைசல் பட்டதும் கீறல் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கண்ணாடியின் பின்பக்கத்தில் மார்க்கரால் வட்டமிட்டு வையுங்கள். சுற்றிலுமுள்ள சட்டத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

பேடைக் கரைசலில் நனைத்து, சீரான அழுத்தத்தோடு வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். கையால் செய்தால் சிறிய கீறலுக்கே அரை மணி, ஒரு மணி ஆகலாம். டிரில்லிங் மெஷினில் பேடை மாட்டினால் வேகமாக முடியும். ஈரத்தோடு செய்யும் வேலை என்பதால் பேட்டரியில் ஓடுவதே பாதுகாப்பு. வேகத்தைக் குறைத்து வையுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள். அவ்வப்போது கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள். ஓரிடம் மட்டும் சூடேறினால் கண்ணாடி விரிசல் விடும்.

இந்த வேலையில் பள்ளத்தை நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் கண்ணாடியைப் பள்ளத்தின் அடிமட்டத்துக்கு இறக்குகிறோம். கீறல்மீது மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழுந்து, அதன் வழியே பார்க்கும் பொருள் நெளிந்து தெரியும். கீறலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பரவலாகத் தேய்ப்பது இதற்காகத்தான். ஆழமான கீறலை விட்டுவிடச் சொல்வதும் இதற்காகத்தான். முடிந்ததும் கரைசல் காய்வதற்குள் கழுவிவிடுங்கள். காய்ந்தால் எளிதில் விடாது. சாய்வாக விழும் வெளிச்சத்தில் பார்த்தால் மிச்சம் மீதி தெரியும்.

கை வைக்கக் கூடாதவை

மூக்குக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை இன்று பிளாஸ்டிக் லென்ஸ்; மேலே பூச்சும் இருக்கும். செல்போன் திரைக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாத பூச்சு உண்டு. தேய்த்தால் பூச்சுதான் முதலில் போகும். முகம் பார்க்கும் கண்ணாடியில் முன்பக்கக் கீறலை எடுக்கலாம்; பின்பக்கத்து வெள்ளிப் பூச்சில் விழுந்ததை எடுக்க முடியாது. ஓரத்தில் ஈரம் இறங்கினாலும் அந்தப் பூச்சு கறுத்துப்போகும். காரின் முன்கண்ணாடியில் ஓட்டுநரின் பார்வை படும் இடத்தைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

கேஸ் அடுப்பின் மேல்கண்ணாடி சூடேற்றிக் குளிர்வித்து உறுதியாக்கப்பட்டது. அதன் மேற்பரப்பு எப்போதும் அழுத்தத்தில் இருப்பதே அதன் வலிமை. ஆழமான கீறல் அந்த அடுக்கைத் தாண்டினால் மொத்தமும் சில்லுச் சில்லாகச் சிதறும். அதில் நகம் மாட்டுகிற கீறல் விழுந்திருந்தால் மெருகேற்றப் பார்க்காமல் கண்ணாடியை மாற்றிவிடுவதே சரி.

கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பழக்கம் போதும். முதலில் தண்ணீர் விட்டுத் தூசியைக் கழுவிய பிறகே துணி படட்டும். கம்பி நாரும் செங்கல் பொடியும் பாத்திரத்தோடு நிற்கட்டும்.