வயல் மண்ணில் சாம்பல் சத்து எவ்வளவு? உரம் போடும் முன் ஒரு பரிசோதனை

பாகான் செராய் பக்கம் நெல் பயிரிடும் என் மாமாவுக்கு மூன்று வயல்கள். மூன்றிலும் ஒரே விதை, ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே மானிய உரம். ஆனால் சாலையோர வயலில் மட்டும் இரண்டு மூன்று பருவங்களாக நெல் சாய்கிறது, பதரும் அதிகம். போன பருவத்தில் அந்த வயலுக்கு யூரியாவைக் கூட்டிப் போட்டார். பயிர் நன்றாகக் கறுத்துப் பச்சை கட்டியது. அறுவடைக்கு முன்னால் முன்பைவிட அதிகமாகச் சாய்ந்தது.

"உரம் பத்தலையா, அதிகமாப் போச்சான்னே தெரியலப்பா" என்றார்.

அவருடைய கேள்விக்கு மண்ணைப் பரிசோதித்தால்தான் பதில் கிடைக்கும். குறிப்பாக, அந்த மண்ணில் பொட்டாசியம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. செம்பனைத் தோட்டங்களில் ஆண்டுதோறும் 17ஆவது மட்டையிலிருந்து இலை வெட்டி ஆய்வுக்கு அனுப்புவார்கள். அந்த ஆய்வு முடிவை வைத்துத்தான் எந்தப் பிரிவுக்கு எவ்வளவு உரம் என்று நிர்வாகம் முடிவு செய்யும். நெல் வயலில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கிடைத்த மூட்டையை எல்லா வயலுக்கும் ஒரே அளவில் வீசிவிடுகிறோம்.

சாம்பல் சத்து என்றால் என்ன?

உர மூட்டையில் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. இரண்டாவது பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து. மூன்றாவது எண்தான் பொட்டாசியம். தமிழில் இதைச் சாம்பல் சத்து என்கிறோம். அந்தக் காலத்தில் மரச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, பானையில் காய்ச்சி இந்த உப்பை எடுத்தார்கள். 'பொட்டாஷ்' என்ற ஆங்கிலச் சொல்லும் பானை, சாம்பல் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்ததுதான்.

தழைச்சத்து போட்டால் சில நாளில் இலை பச்சையாகும். அது கண்ணுக்குத் தெரியும். சாம்பல் சத்தின் வேலை அப்படிப் பளிச்சென்று தெரியாது. தண்டுக்கு உறுதி தருவதும், இலையில் தயாராகும் மாவுச்சத்தைக் கதிருக்குக் கொண்டுபோவதும், நோயைத் தாங்கும் வலுவைக் கொடுப்பதும் அதன் வேலைகள். அது குறைந்தால் தண்டு மெலிந்து பயிர் சாயும், மணி முழுதாகப் பிடிக்காது, இலையில் பழுப்புப் புள்ளி நோய் எளிதில் தொற்றும்.

இந்த நிலையில் யூரியாவை மட்டும் கூட்டினால் பயிர் உயரமாகவும் தழைப்பாகவும் வளரும். அந்தக் கனத்தைத் தாங்கும் வலு தண்டுக்கு இருக்காது. மாமாவின் வயலில் இதுதான் நடந்திருக்கும் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

சாய்ந்த நெல்லில் அறுவடை இயந்திரம் விட்டுப்போகும் கதிர் அதிகம். ஆலைக்குக் கொண்டுபோனால் பதருக்கும் ஈரத்துக்கும் எடையில் கழித்துக்கொள்வார்கள். சாம்பல் சத்துக் குறைவால் விவசாயிக்கு ஏற்படும் நட்டம் கடைசியில் அந்த ஆலைச் சீட்டில்தான் தெரியவரும்.

இலையைப் பார்த்தே சொல்ல முடியாதா?

ஓரளவு சொல்லலாம். முதலில் அடி இலைகளில், அதாவது வயதான இலைகளில்தான் அறிகுறி தோன்றும். நுனியிலும் ஓரங்களிலும் மஞ்சளும் பழுப்பும் படரும். இளம் இலைகள் பச்சையாகவே இருக்கும்.

ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. துங்ரோ போன்ற நோய் தாக்கினாலும் இலை மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறும் என்பதால், ஒன்றை மற்றொன்று என்று தவறாக நினைத்துவிடலாம். மேலும், அறிகுறி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விளைச்சல் குறையத் தொடங்கியிருக்கும். அந்தப் பருவத்துக்கு அதற்குமேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. விதைப்பதற்கு முன்பே மண்ணைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மண் மாதிரி எடுப்பது எப்படி?

ஆய்வுக்கூடத்துக்குப் போகும் மண் அரை கிலோதான். அந்த அரை கிலோ முழு வயலையும் காட்ட வேண்டும். மாதிரி தவறானால் எவ்வளவு நல்ல ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாலும் முடிவு தவறாகவே வரும்.

1. அறுவடை முடிந்து, அடுத்த பருவத்துக்கு உரம் போடுவதற்கு முன் எடுக்க வேண்டும்.

2. ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனி மாதிரி தேவை. மூன்று வயல் மண்ணையும் ஒன்றாகக் கலந்தால் எந்த வயலில் குறை என்று தெரியாமல் போகும்.

3. வயலுக்குள் வளைந்து வளைந்து நடந்து 15 முதல் 20 இடங்களில் எடுங்கள். மேலே கிடக்கும் தாளையும் குப்பையையும் விலக்கிவிட்டு, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை ஒரே பருமனில் மண்ணை வெட்டி எடுக்க வேண்டும்.

4. வரப்பு ஓரம், தண்ணீர் நுழையும் வாய், உர மூட்டை அடுக்கிய இடம், மாடு கட்டிய இடம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

5. வைக்கோல் எரித்த வயலில் கூடுதல் கவனம் தேவை. அறுவடை இயந்திரம் வைக்கோலை வரிசையாகக் கொட்டிச் செல்கிறது. அதை அப்படியே எரித்தால் சாம்பலும் வரிசையாகவே படியும். அந்த வரிசையில் எடுத்த மண் பொட்டாசியத்தை அதிகமாகக் காட்டும்.

6. எல்லா இடத்து மண்ணையும் சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் போட்டு நன்றாகக் கலக்குங்கள். அதைப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிரே உள்ள இரண்டு பகுதிகளை ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் அரை கிலோ ஆகும்வரை இப்படியே செய்ய வேண்டும்.

7. நிழலில் உலர்த்திப் பையில் போட்டு, வயலின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள்.

மண் பரிசோதனைக்கு முதலில் விசாரிக்க வேண்டிய இடம் வட்டார விவசாயத் துறை அலுவலகம். கெடா, பெர்லிஸ் மூடா பகுதி விவசாயிகள் மாடா அலுவலகத்திலும் கேட்கலாம்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்ன?

உலர்ந்த மண்ணைப் பொடித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்பார்கள். பிறகு அம்மோனியம் அசிடேட் என்ற உப்புக் கரைசலில் போட்டுக் குலுக்குவார்கள். களிமண் துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் பொட்டாசியம் விடுபட்டுக் கரைசலுக்குள் வந்துவிடும். பயிரின் வேர் எளிதில் எடுத்துக்கொள்ளக்கூடியதும் இந்தப் பொட்டாசியத்தைத்தான். கரைசலை வடிகட்டி, சுடர் ஒளிமானி போன்ற கருவியில் கொடுத்து அளப்பார்கள். பொட்டாசியம் தீயில் பட்டால் ஊதா நிறச் சுடர் எழும். அந்த ஒளியின் அளவு எவ்வளவு பொட்டாசியம் இருக்கிறது என்பதைக் காட்டும்.

அறிக்கையில் 'மாற்றுப் பொட்டாசியம்' என்ற வரிக்கு நேராக ஓர் எண் இருக்கும். அலகு பெரும்பாலும் ஒரு கிலோ மண்ணுக்கு இத்தனை சென்டிமோல் என்று இருக்கும். நெல் வயலுக்குப் பொதுவாக இப்படிப் பொருள் கொள்ளலாம்:

• 0.15க்குக் கீழே: குறைவு. பொட்டாஷ் போட்டால் பலன் நிச்சயம் தெரியும்.

• 0.15 முதல் 0.45 வரை: நடுத்தரம். பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு.

• 0.45க்கு மேல்: போதுமானது. மிக அதிக விளைச்சலை எதிர்பார்த்தால் தவிர, கூடுதல் பொட்டாஷ் வீண் செலவு.

மூட்டைக் கணக்கும் வைக்கோல் கணக்கும்

அறிக்கையில் வரும் எண் தற்போதைய இருப்பை மட்டுமே சொல்லும். வரவையும் செலவையும் நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

வரவை முதலில் பார்ப்போம். நெல்லுக்கு மானியமாக நீண்ட காலமாகப் புழங்கிவரும் கலப்பு உரத்தின் எண் 17.5:15.5:10. ஹெக்டருக்கு 240 கிலோ, அதாவது 20 கிலோ மூட்டைகள் 12. ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய 5 மூட்டை, கெடாவில் சொல்லும் ரெலோங் கணக்கில் ஏறக்குறைய மூன்றரை மூட்டை. மூட்டையில் உள்ள மூன்றாவது எண் பொட்டாசியம் ஆக்ஸைடைக் குறிக்கிறது. 240 கிலோவில் 10 விழுக்காடு என்றால் 24 கிலோ ஆக்ஸைடு. அதில் தனிப் பொட்டாசியம் ஏறக்குறைய 20 கிலோ. வேறு உரமும் வாங்கிப் போட்டிருந்தால் அதையும் இதே முறையில் கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி செலவு. ஹெக்டருக்கு 5 டன் நெல் விளைந்தால், அந்தப் பயிர் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும் பொட்டாசியம் ஏறக்குறைய 75 கிலோ. அதில் நெல் மணியோடு ஆலைக்குப் போவது 15 கிலோ அளவுதான். மீதி 60 கிலோ வைக்கோலில் இருக்கிறது.

வைக்கோலை வயலிலேயே பரப்பி மடக்கி உழுதால், வரவு 20 கிலோ, செலவு 15 கிலோ. கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடுகிறது. அடித்தாளோடு சேர்த்து முழு வைக்கோலையும் வெளியேற்றினால், வரவு 20 கிலோ, செலவு 75 கிலோ. ஒரு பருவத்துக்கு 55 கிலோ பற்றாக்குறை. ஆண்டுக்கு இரண்டு பருவம் என்றால் 110 கிலோ.

மண்ணில் இருப்பு எவ்வளவு? ஆய்வு முடிவு 0.2 என்று வந்தால் ஒரு கிலோ மண்ணில் 78 மில்லிகிராம் பொட்டாசியம் இருப்பதாகப் பொருள். ஒரு ஹெக்டரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறக்குறைய 20 லட்சம் கிலோ எடை. அதில் உள்ள பொட்டாசியம் 156 கிலோ. ஆண்டுக்கு 110 கிலோ பற்றாக்குறை விழும் வயலுக்கு இது பெரிய இருப்பே அல்ல.

நல்லவேளையாக, களிமண் தன் அடுக்குகளுக்குள் பிடித்துவைத்திருக்கும் பொட்டாசியத்தையும் மெதுவாக விடுவிக்கும். பாசனத் தண்ணீரும் கொஞ்சம் கொண்டுவரும். அதனால் இருப்பு ஓரிரு ஆண்டில் காலியாகிவிடாது. மணற்பாங்கான மண்ணுக்கு இந்தப் பாதுகாப்புக் குறைவு.

வைக்கோலை எரித்தால் என்ன ஆகும்? பொட்டாசியத்தின் பெரும்பகுதி சாம்பலில் தங்கும். தழைச்சத்து அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். தங்கிய பொட்டாசியமும் வயல் முழுதும் பரவாமல் எரித்த வரிசைகளில் மட்டும் சேரும். மழை அதில் ஒரு பகுதியைக் கரைத்துக்கொண்டு போகும். வைக்கோலைப் பரப்பி மண்ணில் மடக்குவதே மேல். செம்பனைத் தோட்டத்தில் ஆலையிலிருந்து வரும் வெற்றுக் குலைகளை மரத்தடிக்கே கொண்டுவந்து போடுவதும் இதற்காகத்தான். அதிலும் சாம்பல் சத்து நிறைய உண்டு.

முடிவு வந்த பிறகு

எண் குறைவாக இருந்தால் மானிய மூட்டை மட்டும் போதாது. மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அதில் பாதி எடை பொட்டாசியம். ஆக, 60 கிலோ பொட்டாசியத்தை ஈடுகட்ட 120 கிலோ உரம் வேண்டும். கூடுதல் அளவு போடும்போது பாதியை ஆரம்பத்திலும் மீதியைக் கதிர் உருவாகத் தொடங்கும் பருவத்திலும் பிரித்துப் போடுவது நல்லது. உங்கள் வயலுக்கான சரியான அளவை அறிக்கையோடு போய் விவசாய அதிகாரியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எண் நடுத்தரமாக இருந்தால், வைக்கோலை வயலில் விடுகிறீர்களா, வெளியே கொடுக்கிறீர்களா என்பதைப் பொறுத்தே முடிவு. எண் அதிகமாக இருந்தால் அந்தப் பணத்தை வேறு தேவைக்குச் செலவிடலாம். மலேசியாவில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது, முழுவதும் இறக்குமதிதான். 2022இல் உக்ரேன் போர் தொடங்கியபோது உலகச் சந்தையில் உர விலை எப்படி ஏறியது என்பது நமக்குத் தெரியும். பெரிய ஏற்றுமதி நாடுகளில் ரஷ்யாவும் பெலாருஸும் அடங்கும்.

அறிக்கையில் முழு நம்பிக்கை வராதவர்கள் வயலிலேயே சோதித்துப் பார்க்கலாம். 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் ஒரு பாத்தியைப் பிரித்து, சுற்றிலும் சிறு வரப்புக் கட்டுங்கள். அங்கே தழைச்சத்தும் மணிச்சத்தும் மற்ற இடத்தைப் போலவே போட்டு, பொட்டாஷை மட்டும் நிறுத்திவிடுங்கள். அறுவடையில் அந்தப் பாத்தி நெல்லையும், பக்கத்தில் அதே அளவு இடத்து நெல்லையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால், மண்ணும் பாசனத் தண்ணீரும் இப்போதைக்குப் போதிய பொட்டாசியத்தைத் தருகின்றன என்று பொருள்.

சாலையோர வயலின் கதை

மாமாவிடம் இந்தக் கணக்கையெல்லாம் சொல்லிவிட்டு, வைக்கோலை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். உள்ளே இருக்கும் இரண்டு வயல்களுக்கு லாரி போகாது. அங்கே வைக்கோல் அப்படியே கிடந்து மக்கிவிடும். சாலையோர வயலுக்கு லாரி வரும். ஒவ்வொரு பருவமும் அந்த வைக்கோலை மாடு வளர்ப்பவர் கட்டி எடுத்துப்போகிறாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அப்ப அந்த வயலுக்கு நான் போட்ட உரத்தை நானே லாரியில ஏத்தி அனுப்பியிருக்கேனா?"

அதை அவரே தீர்மானித்துவிடக் கூடாது, மண் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும் என்றேன். சாய்வதற்குச் சாம்பல் சத்துக் குறைவு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அளவுக்கு மிஞ்சிய யூரியாவும், நெருக்கமான விதைப்பும், காற்றும் சேர்ந்திருக்கலாம்.

இந்த அறுவடை முடிந்ததும் மூன்று வயலுக்கும் மூன்று பை மண் எடுக்கப் போகிறார். முடிவு வரும்வரை சாலையோர வயலுக்கு யூரியாவைக் கூட்டுவதில்லை என்று சொல்லியிருக்கிறார். மாடு வளர்ப்பவரிடமும் இந்த முறை லாரி வேண்டாம் என்று பேசிவிட்டாராம்.